ஒளி, உலோகம், உழைப்பு: பல்பகுதியாக்க வரலாறும் ஊவாத் தோட்டங்களும்

இலக்கிய ஆய்வாளர் ஒருவர் இரசாயனத்தைப் பற்றி எழுதப் புகுவது நம்மிடையே இன்னும் சற்று ஐயத்துடனேயே நோக்கப்படுகின்றது. அறிவியல் வரலாறு அறிவியலாளருக்கும், சமூக வரலாறு வரலாற்றாசிரியருக்கும், இலக்கியம் எஞ்சியோருக்கும் எனப் பங்கிட்டுக் கொள்ளும் மரபு நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணமாகும். மார்க்சிய மரபோ இப்பங்கீட்டை ஒருபோதும் ஏற்றுக் கொண்டதில்லை. எங்கெல்சின் மிக நெருங்கிய நண்பர்களுள் ஒருவரான கார்ல் ஷோர்லெம்மர் மான்செஸ்டரில் சேதன இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர். பரபின்கள் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பெயர் பெற்றவர். அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்குக் காபன் சேர்வைகளின் தொடரினையே மார்க்ஸ் 'மூலதனம்' முதற்றொகுதியில் எடுத்துக் காட்டினார். எங்கெல்ஸ் 1878இல் நூல்வடிவு பெற்ற 'டூரிங்கிற்கு மறுப்பு' என்னும் நூலில் அதனை மேலும் விரித்துரைத்தார். ஒரே வகையான சிறு மூலக்கூறு ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட, வாயுவாக இருந்தது திரவமாகி, திரவம் திண்மமாகி, ஈற்றில் நாராகவும் தாளாகவும் உருமாறும் பல்பகுதியாக்கத்தை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அறிந்திருப்பின் அதனையே உதாரணமாகக் கொண்டிருப்பர் என்று துணிந்து கூறலாம்.

உலோக ஊக்கி எதனையும் பயன்படுத்தாது, ஒளியினால் மட்டும் இயக்கப்பட்டுப் பல்பகுதியங்களை ஆக்கும் முறையின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். கடந்த பத்தாண்டுகளில் இம்முறை 'பசுமை இரசாயனம்' என்னும் பெயரால் பெரிதும் போற்றப்பட்டு வந்துள்ளது. நாம் அதனைப் பதுளையிலிருந்து நோக்குகின்றோம். இவ்வரலாற்றிற் பங்கு கொண்ட பொருள்கள் சில, ஆய்வுகூடக் குடுவைக்குள் வருவதற்கு முன்னரே உழைப்பாளரின் உடலுக்குள் புகுந்து வந்தவை என்பதும், அவ்வுடல்களுட் பல நம் மலையகத்தவருடையவை என்பதுமே இவ்விடத்தைத் தெரிவு செய்தமைக்குக் காரணம்.

முதலில் ஊவாவில் நெடுங்காலமாக நடைபெற்று வரும் இரசாயன வினையொன்றை நோக்குவோம். ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும் வேளையில் ஊவாத் தேயிலை தனக்கெனச் சிறப்பான மணத்தைப் பெறுகின்றது. உலகச் சந்தையில் அதன் விலையும் அம்மணத்தைப் பொறுத்ததே. கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, ஈரக் காற்றில் பரப்பி வைக்கப்படும் கட்டத்தை ஆங்கிலேயர் 'நொதித்தல்' என்றனர். அது தவறான பெயர். அங்கு நொதிக்கும் மதுவமோ நுண்ணுயிரோ வினையின் காரணி அன்று. இலையிலுள்ள கற்றெக்கின்கள் வளியின் ஒட்சிசனால் ஒட்சியேற்றப்பட்டு ஒன்றோடொன்று இணைகின்றன. இவ்வினையை நிகழ்த்தும் நொதியம் செப்பைக் கொண்ட ஒரு புரதம் என்பதை நிறுவிய ஆய்வுகள், 1925இல் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலேயே நடைபெற்றன. அங்கு பணியாற்றிய சிறீரங்காச்சார் 1940களின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலையின் 'நொதித்தல்' பற்றி வெளியிட்ட கட்டுரைத் தொடர் உயிர் இரசாயனத்தில் இன்றும் எடுத்துக் காட்டப்படுவதொன்று. மலையகத்தின் அறிவு வரலாற்றை எழுதுவோர் துரைமாரின் நாட்குறிப்புகளோடு நின்றுவிடாமல் இத்தகைய பெயர்களையும் தேடிச் செல்லுதல் வேண்டும்.

இவ்வினையில் உண்டாகும் செம்மஞ்சட் பொருள்களுக்குத் தியாபிளேவின் என்றும், கருஞ்செம்மைப் பொருள்களுக்குத் தியாரூபிஜின் என்றும் 1950களில் பெயரிடப்பட்டது. பின்னவை பெரும் பல்பகுதியங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. அவை ஆயிரக்கணக்கான சிறுசிறு சேர்வைகளின் கலவை என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எவ்வாறாயினும், தேயிலை ஸ்டோரில் நிகழ்வது உலோகம் வேண்டிய, ஒளி வேண்டாத இணைப்பு வினை. நாம் ஆராயப் புகுந்த வினையோ இதற்கு நேர்மாறானது. ஒளியை உண்டு வளர்ந்த இலை நிழலிலே செம்பின் துணையால் கறுக்கின்றது; அவ்விலையின் பச்சையத்தின் நடுவிலும் மகனீசியம் என்னும் உலோகமே அமர்ந்திருக்கின்றது. இயற்கை 'உலோகமற்ற' தூய்மையை எங்கும் நாடவில்லை.

ஒளியினாற் பொருளை இறுக வைக்கும் முயற்சி பழையது. 1820களில் பிரான்சில் நியெப்ஸ் முதலாவது ஒளிப்படத்தை எடுத்தபோது நிகழ்ந்ததும் அதுவே: ஒளி பட்ட இடத்தில் நிலக்கீல் இறுகியது; படாத இடத்தில் எண்ணெயிற் கரைந்து போயிற்று. 1872இல் ஜேர்மனியில் பௌமன் குழாயிலடைத்த வைனைல் குளோரைட்டை வெயிலில் வைத்தபோது அதனுள்ளே வெண்ணிறத் திண்மம் ஒன்று படிந்தது. இன்று நம் குழாய்களும் செருப்புகளும் ஆகியிருக்கும் பொருளின் பிறப்பு அதுவாகும். அதில் உலோகம் எதுவும் இருக்கவில்லை, வெயிலே இருந்தது. ஆயினும் பௌமன் தாம் கண்டதன் இயல்பை அறிந்திருக்கவில்லை. நீண்ட சங்கிலி மூலக்கூறு என்னும் கருத்தை ஸ்டௌடிங்கர் 1920இல் முன்வைத்தபோது கூட இரசாயனவியலாளர் பலர் அதனை எள்ளி நகையாடினர். 1953இலேயே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடைக்காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். பொலோஞ்ஞாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜியாகொமோ சியாமிசியன், தம் ஆய்வுகூடத்தின் மேன்மாடத்தில் நூற்றுக்கணக்கான கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் நிறுத்தி வைத்து ஆராய்ந்தவர். 1912இல் நியூயோர்க்கில் நடைபெற்ற சர்வதேச இரசாயன மகாநாட்டில் அவர் ஆற்றிய உரை, எதிர்கால ஒளியிரசாயனம் பற்றியதாகும். நிலக்கரி தீர்ந்துவிடும் என்றும், வெயிலை நேரடியாக வேலைக்கமர்த்த வேண்டும் என்றும், புகையற்ற தொழிற்சாலைகள் வறண்ட நிலங்களிற் கண்ணாடிக் காடுகளாக எழும் என்றும், வெயில் மிகுந்த அயன நாடுகளுக்கு நாகரிகம் மீளத் திரும்பும் என்றும் அவர் கனவு கண்டார். அக்கனவின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் 1912இல் அயன நாடுகளின் வெயில் ஏற்கனவே வேலைக்கமர்த்தப்பட்டிருந்தது. தேயிலைச் செடியும் இறப்பர் மரமும் வெயிலை உண்டு உருவாக்கியதையே இலண்டன் ஏல விற்பனை பணமாக மாற்றிக் கொண்டிருந்தது. வெயிலுக்கும் பணத்துக்கும் இடையே கூடையோடும் பால் வாளியோடும் நின்றவர்கள் சியாமிசியனின் கண்ணாடிக் காட்டில் இடம்பெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி உலோகத்தின் காலம். 1933இல் இங்கிலாந்திற் கண்டறியப்பட்ட பொலித்தீன் பேரழுக்கத்தில் ஆக்கப்பட்டது. 1953இல் சீக்லர், அலுமினியமும் தைத்தேனியமும் கொண்ட ஊக்கிகளால் அதனைச் சாதாரண அழுக்கத்திலேயே ஆக்கிக் காட்டினார். ஒளியின் வழி அக்காலத்தில் ஒற்றையடிப் பாதையாயிற்று எனினும் அழிந்துவிடவில்லை. 1954இல் ஜெரால்ட் ஒஸ்டர், சாயமொன்றும் மென்மையான தாழ்த்தும் பொருளொன்றும் இருப்பின் கண்ணுக்குப் புலனாகும் ஒளியே பல்பகுதியாக்கத்தைத் தொடக்கப் போதும் எனக் காட்டினார். இன்று பல் வைத்தியர் நம் பல்லில் வெண்பசையை நிரப்பி, நீல விளக்கைச் சில வினாடிகள் பிடிக்கும்போது நடப்பது இம்மரபின் தொடர்ச்சியே. கற்பூரத்திலிருந்து பெறப்படும் சேர்வையொன்று நீல ஒளியை உறிஞ்சி, அமீன் ஒன்றின் துணையுடன் மூலிகங்களைத் தோற்றுவிக்க, பசை கல்லாகின்றது. உலோகமற்ற ஒளிப் பல்பகுதியாக்கம் எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று எண்ணுவோர் தம் வாயினுள்ளேயே அதனைத் தேடலாம்.

ஆனால் இவ்வினைகளிற் சங்கிலி கட்டுக்கடங்காது வளர்ந்து, தற்செயலாக முடிவுறும். வளர்ச்சியைக் கட்டுப்படுத்தி, வேண்டும்போது நிறுத்தி, மீண்டும் தொடங்குவதே பின்னெழுந்த பிரச்சினை. அதற்கு விடை தேடியோருள் யப்பானியரான ஒட்சு முதன்மையானவர். 1982இல் அவர் வெளியிட்ட முறையில் கந்தகச் சேர்வை ஒன்று ஒளிபட்டுப் பிளந்து சங்கிலியைத் தொடக்குகின்றது. அதுவே வளரும் முனையை மூடியும் வைக்கின்றது. மீண்டும் ஒளிபடத் திறக்கின்றது. அவர் பயன்படுத்திய தையூரம் இருசல்பைட்டு என்னும் பொருளினம் இறப்பர்த் தொழிலுக்கு முன்பே நன்கு அறிமுகமானதாகும். இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்து வேகவைத்து வலுவூட்டும்போது அதனை விரைவுபடுத்தச் சேர்க்கப்படுவது அதுவே. 1937இல் அமெரிக்காவில் இத்தகைய பொருள்களோடு வேலை செய்த தொழிலாளர், ஒரு மிடறு மது அருந்தியவுடனேயே முகஞ்சிவந்து நோயுற்றதைத் தொழிற்சாலை வைத்தியர் ஒருவர் எழுதி வைத்தார். 1948இல் டென்மார்க்கில் அதே குடும்பத்துச் சேர்வை குடிப்பழக்கத்தை நிறுத்தும் மருந்தாயிற்று. ஒட்சு தம் ஒளிவினைக்கு எடுத்துக் கொண்டதும் அம்மருந்தாகிய சேர்வையையே. மூலக்கூறின் ஆற்றல் முதலில் அறியப்பட்டது கூலியாளரின் உடலில். ஆய்வுகூடம் பின்னரே வந்தது.

ஊவாவிற்கும் இறப்பருக்கும் உள்ள தொடர்பு பதுளை மாவட்டத்தைவிட மொனராகலை மாவட்டத்தையே பெரிதும் சார்ந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து கியூ பூங்கா வழியாக இலங்கைக்கு வந்த மரத்தின் பால், 1952இல் சீனாவுடன் செய்து கொள்ளப்பட்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கையின் மூலம் இந்நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையையே திருப்பியமை நாமறிந்ததே. இறப்பர்ப் பாலும் ஒரு பல்பகுதியம்; மரம் அதனை ஆக்குகின்றது. அதன் விலையை மரம் வெட்டுபவரோ பால் வெட்டுபவரோ தீர்மானிப்பதில்லை.

இரண்டாவது பொருள் காபன் நாற்குளோரைட்டு. இதன் கதை நம்மை நேரடியாகத் தோட்டங்களுக்குக் கொண்டு வருகின்றது. ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கியது. மலக்கூடமற்ற லயன்களில், செருப்பற்ற கால்களோடு வாழ்ந்தோரை அப்புழு பற்றிக் கொண்டதில் வியப்பில்லை. இரத்தச் சோகையுற்ற தொழிலாளி குறைவாகவே கொழுந்து பறிப்பார் என்பது தோட்ட முதலாளிகளுக்கும் விளங்கியது. மலக்கூடம் கட்டுவதற்குச் செலவாகும். மருந்து கொடுப்பதற்குச் செலவு குறைவு. 1921இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த மொரிஸ் ஹோல், காபன் நாற்குளோரைட்டு கொழுக்கிப்புழுவைக் கொல்லும் என அறிவித்தார். அது மலிவானது; ஒரே வேளையில் விழுங்கக் கூடியது. 1920களின் தொடக்கத்தில், இந்நாட்டுச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த கைதிகளுக்கு அதனைக் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின்னர் அவர்களது ஈரலை அறுத்துச் சோதித்த அறிக்கைகள் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்துள்ளன. அது ஈரலைச் சிதைக்கும் நஞ்சு என்பதும், மது அருந்துவோருக்கு மேலும் கொடியது என்பதும் காலப்போக்கிற் தெளிவாயிற்று. இன்று எவரும் அதனை மருந்தாகக் கொடுப்பதில்லை.

இதே பொருளை 1945இல் சிக்காகோவில் கராஷும் அவருடைய மாணவரும் கையாண்டனர். பெரொட்சைட்டோ ஒளியோ இருப்பின், காபன் நாற்குளோரைட்டின் ஒரு குளோரின் அணு கழன்று, எஞ்சிய பகுதி இரட்டைப் பிணைப்பொன்றின் ஒரு முனையிலும், குளோரின் மறுமுனையிலும் சேர்வதை அவர்கள் கண்டனர். இவ்வினையை ஒரு முறையோடு நிறுத்தாமல் நூறு, ஆயிரம் முறை தொடரச் செய்தால் கட்டுப்பட்ட பல்பகுதியாக்கமாகும். 1995இல் யப்பானில் சவமொட்டோவும், அமெரிக்காவில் மற்றியாசெவ்ஸ்கியும் தனித்தனியாக அதனைச் சாதித்தனர். முன்னவர் ருதேனியத்தையும், பின்னவர் செப்பையும் துணையாகக் கொண்டனர். சவமொட்டோவின் முதற் கட்டுரையிற் சங்கிலியைத் தொடக்கி வைத்த பொருள் காபன் நாற்குளோரைட்டே. தோட்ட வைத்தியசாலையில் நம் பாட்டன்மார் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிய அதே திரவம் அணுமாற்ற மூலிகப் பல்பகுதியாக்கம் என்னும் பெரும் துறையின் வாயிலில் நிற்கின்றது. இவ்விரு வரலாறுகளும் ஒரே நூலில் இதுவரை எழுதப்பட்டதாக நாம் கண்டிலோம்.

செப்பைப் பயன்படுத்தும் முறையின் குறை, விளைபொருளில் உலோகம் எஞ்சி நிற்பதாகும். உடலினுள் வைக்கும் பொருளிலும் மின்னணுப் பகுதிகளிலும் அது விரும்பத்தகாதது. 2012இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் ஃபோர்ஸ், ஹோக்கர் ஆகியோர் ஒளியால் இயங்கும் இரிடியச் சேர்வையை மிகச் சிறு அளவில் பயன்படுத்தி, விளக்கை ஏற்ற வினை தொடங்குவதையும் அணைக்க நிற்பதையும் காட்டினர். இரிடியம் மிக அரிய உலோகம். பெரும்பகுதி தென்னாபிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களிலிருந்து துணைப் பொருளாக வருவது. அதே 2012ஆம் ஆண்டு ஆவணி மாதம் 16ஆம் நாள், அந்நாட்டின் மாரிக்கானாவில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேரைப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். குடுவைக்குள் இரிடியம் ஒரு கிராமின் சிறு கூறாக இருக்கலாம். அச்சிறு கூறின் பின்னேயும் ஒரு பெரட்டுக்களம் உண்டு.

2014இல் அதே பல்கலைக்கழகக் குழுவினர் இரிடியத்தை நீக்கி, பீனோதயசின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சேதனச் சேர்வையை அவ்விடத்தில் வைத்தனர். அதே ஆண்டில் மியாக்கேயும் பெரிலீன் என்னும் பொருளைக் கொண்டு இதே திசையிற் சென்றார். 2016இல் அவரது குழு வெண்ணொளியில் இயங்கும் மேம்பட்ட ஊக்கிகளை வெளியிட்டது. வினையின் போக்கு இதுதான்: ஒளியை உறிஞ்சிக் கிளர்ந்த சேர்வை, புரோமின் கொண்ட மூலக்கூறுக்கு ஓர் இலத்திரனைக் கொடுக்கின்றது, புரோமைட்டு பிரிய, மூலிகம் ஒன்று பிறக்கின்றது, அது ஒருபகுதியங்கள் சிலவற்றைத் தன்னோடு சேர்த்துக் கொள்கின்றது, இலத்திரனை இழந்த ஊக்கி அதனை மீளப் பெற்றுக் கொள்ள, சங்கிலியின் முனையில் புரோமின் திரும்பவும் வந்தமர்கின்றது. சங்கிலி உறங்குகின்றது; அடுத்த ஒளித்துணுக்கு அதனை எழுப்புகின்றது. எல்லாச் சங்கிலிகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஒரே நீளத்திற்கு வளர்வது இதனாலேயே.

பீனோதயசினின் பழங்கதையும் தோட்டங்களோடு தொடர்பற்றதன்று. 1876இல் நிலக்கரித் தார்ச் சாயமாகப் பிறந்த மெதிலீன் நீலம் இவ்வினத்தைச் சேர்ந்தது. 1891இல் ஏர்லிச் அதனை மலேரியா நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். 1930களில் பீனோதயசின் நுளம்புக் குடம்பிகளைக் கொல்லவும், பின்னர் கால்நடைகளின் குடற்புழுக்களைக் கொல்லவும் பயன்பட்டது. மனிதருக்கு அது இரத்தக் கலங்களைச் சிதைத்தமையால் கைவிடப்பட்டது. இவற்றையெல்லாம்விட வேடிக்கையான செய்தி ஒன்றுண்டு: அக்கிரிலிக் அமிலத்தைத் தாங்கிகளிற் சேமிக்கும்போது அது தானாகவே பல்பகுதியமாகிவிடாமற் தடுக்க நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வருவதும் பீனோதயசினே. தடுக்கும் பொருளே பிறிதொரு சூழலில் இயக்கும் பொருளாயிற்று. இயங்கியலை நம்பாதவர்கள் இதனைத் தற்செயல் என்பர்.

இனி 'உலோகமற்ற' என்னும் அடைமொழியை நோக்குவோம். குடுவைக்குள் உலோகம் இல்லை என்பது உண்மையே. குடுவைக்கு வெளியே நிற்கும் விளக்கோ காலியம் கொண்ட குறைகடத்தியால் ஆனது. நீல ஒளியுமிழ் இருவாயியைக் கண்டவர்களுக்கு அதே 2014இல் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. விளக்குக்கு மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவுக்குப் பதுளை மாவட்டத்தில் ஓர் உறுதியான விடை உண்டு. உமாஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 மார்கழியில் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாயத் தொடங்கிற்று. அதன் பின் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். 120 மெகாவாற்று ஆற்றல் கொண்ட அந்நிலையம் 2024 சித்திரையில் திறந்து வைக்கப்பட்டது. அவ்வாண்டின் இன்னொரு நிகழ்வும் நினைவுக்கு வருகின்றது. 2014 ஐப்பசி 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. ஆய்வுகூடக் கண்டுபிடிப்பும், நோபல் பரிசும், சுரங்க நீரும், மண்சரிவும் ஓராண்டில் நிகழ்ந்தமைக்குள் காரண காரியத் தொடர்பு காண்பது அறியாமை. ஆனால் அவற்றுள் எவை உலகின் நினைவில் நிற்கின்றன, எவை நிற்கவில்லை என்பது தற்செயலானதன்று.

இவ்வாறு கூறுவதால் நாம் இப்புதிய வேதியியலை மறுப்பதாகக் கொள்ளலாகாது. சுரங்கத் தொழிலாளியின் முதுகின் மீது ஏறாமல் ஒரு பொருளை ஆக்க முடியுமாயின் அது முன்னேற்றமே. தூய்மை என்பதைக் குடுவையின் சுவரோடு நிறுத்திக் கணக்கிடும் முறையையே நாம் மறுக்கின்றோம்.

ஈற்றில் மொழி பற்றிச் சில சொற்கள். தமிழகத்தார் 'பல்லுறுப்பி', 'பலபடி' என வழங்குவதை நாம் 'பல்பகுதியம்' என்கின்றோம். 1950கள் முதல் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் வழியாகப் பாடசாலைகளில் வேரூன்றிய சொன்மரபு அது. அச்சொற்களைக் கொண்டே இன்றும் நம் மாணவர் உயர்தர இரசாயனத்தைத் தமிழிற் கற்கின்றனர். பதுளை நகரிலிருந்து பசறை செல்லும் வீதியில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் மரப்பால் தொழில்நுட்பமும் பட்டப் படிப்புகளாக உள்ளன. அங்கு கற்கை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. ஹாலிஎலைக்கு அருகே தோட்டத்திற் பிறந்து, தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய தெளிவத்தை ஜோசப் (1934-2022) போன்றோர் லயன் வாழ்வை இலக்கியமாக்கினர். மலையகப் புனைகதையில் மலையும் பெரட்டுக்களமும் லயனும் நிறைய உண்டு. ஸ்டோரின் உள்ளே, உருட்டு இயந்திரத்தின் அருகே, இலை செம்பு நிறமாகும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைத் தன் மூக்கினால் அளந்து, 'போதும், அடுப்புக்கு அனுப்பலாம்' என்று கூறும் தொழிலாளியை நாம் அங்கு அரிதாகவே சந்திக்கின்றோம். அவருடைய அறிவு சிறீரங்காச்சாரின் கட்டுரைகளிலும் இல்லை. சம்பளப் பதிவேட்டில் ஒரு நாட்பெயராக மட்டுமே உள்ளது.